பஸ் காலி, குடம் காலி

“அண்ணே, ஒரு நிமிஷம். கையில இருக்கறதை விடுன்னு நான் சொன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க?”

குழாய்த் திருப்பத்துக்கு அரை இஞ்ச் எல்போ வாங்க வந்தவர் தோளில் பைப்பும் கையில் பசை டப்பாவுமாக நிற்கிறார். கேட்டது கடைக்காரர் இல்லை, அவர் மனைவி. கல்லாவுக்குப் பின்னால் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே ஒரு மேசை. அதில் ஒரு லேப்டாப். அதற்கு மேலே ஒரு மூக்குக் கண்ணாடி. வாடிக்கையாளருக்கு அவ்வளவுதான் தெரியும்.

“விட்டா கால்ல வுழும். விளையாடறியாம்மா?”

“யார்கிட்டயாவது திருப்பிக் குடுக்க மாட்டீங்களா?”

“விடுன்னுதானே சொன்னே. குடுன்னு சொல்லலியே.”

“மாஷா அல்லாஹ்!” என்று ஷமீமா மேசையில் ஒரு தட்டுத் தட்டுகிறார். “ஏங்க, அண்ணனுக்கு நல்ல எல்போவா பாத்துக் குடுங்க.” பரீட்சையில் பாஸான விஷயம் தெரியாமலேயே அந்த மனிதர் எல்போவோடு வெளியேறுகிறார்.

கூனிமேட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய உபைத் பாயின் கடைக்குப் போகிற எல்லாருக்கும் இந்தக் கேள்விகள் பழகிவிட்டன. திருகாணி வாங்கப் போனால் ஒரு கேள்வி, குழாய் வாங்கப் போனால் இரண்டு. பாயம்மா பெயர் ராசி பார்க்கிறார் என்று ஒரு வதந்திகூட ஓடியது. அதை நம்பி ஒருவர் தன் பேரனுக்குப் பெயர் கேட்டு வந்து நின்றார். ஷமீமா சிரிக்கவில்லை. “உங்க தெருவுல அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எத்தினி பேர் திரும்பிப் பாப்பாங்க?” என்று கேட்டார். நாலைந்து பேர் என்று பதில் வந்தது. “அப்ப அது வேணாம். வேற பேர் யோசிங்க.” கம்ப்யூட்டரில் எது சட்டமோ அதுவேதான் தொட்டிலிலும்.

ஷமீமா எழுதுவது ஆபரேட்டிங் சிஸ்டம். எனக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்ததெல்லாம், கரண்ட் போனால் அது அணையும் என்பதுதான். அவர் எனக்குச் சொல்லிப் புரியவைத்ததை அப்படியே சொல்கிறேன். பாண்டிச்சேரியில் தேவா என்பவர் நடத்தும் சின்ன கம்பெனி ஒன்று மோட்டார் பெட்டி செய்கிறது. எங்கிருந்தாலும் செல்போனிலேயே மோட்டாரைப் போடலாம். தண்ணீர் வேண்டிய அளவு ஏறியதும் ஒரு மிதவை செய்தி சொல்லும், பெட்டி மோட்டாரைத் தானே நிறுத்தும். அந்தப் பெட்டிக்குள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்தில், மெமரியைப் பங்கு போட்டுத் தருகிற பகுதி முழுக்க ஷமீமாவின் கைவேலை. பெட்டியில் இருக்கிற மெமரி கொஞ்சம்தான். அதைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்த வேலையானாலும் தனக்கு வேண்டிய துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும். கல்யாண வீட்டில் வாடகைப் பாத்திரத்துக்குப் பொறுப்பேற்றவர் படுகிற பாடுதான் இது. யார் வாங்கிப் போனார், யார் கையில் இருக்கிறது, யார் இன்னும் திருப்பவில்லை என்று சதா கண் வைத்திருக்க வேண்டும்.

அந்தப் பகுதிக்குள் ஷமீமா வைத்திருக்கும் பெயர்கள் எல்லாமே தமிழ். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். வாங்கு, திருப்பு, பிடி, விடு. ஒரே துண்டை நாலு வேலைகள் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அப்போது ஒன்று ‘விடு’ என்றால், அது தன் கையை மட்டும் எடுத்துக்கொள்கிறது என்று பொருள். கடைசிக் கையும் எடுபட்ட பிறகுதான் துண்டு வீடு திரும்பும். எல்போ வாங்க வந்தவரிடம் அவர் சோதித்துப் பார்த்தது இதைத்தான்.

“ஏன் தமிழ்ல வெச்சிருக்கேன்னு எல்லாரும் கேக்கறாங்க. என்கூட வேலை செய்யறவங்க எல்லாம் திண்டிவனம், பாண்டி, மரக்காணம். படிச்ச ஒடனே மண்டையில எது ஏறுதோ அதானே பேரு?”

பெயர் விஷயத்தில் ஷமீமாவின் சட்டதிட்டங்கள் கறாரானவை. வாங்குக்குத் திருப்பு, பிடிக்கு விடு. “ஜோடி மாத்தி நிக்காஹ் பண்ணி வெச்சா குடும்பம் உருப்படுமா?” ஒரு பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு போட்டிருந்தால், மற்ற வேலைகள் கை வைக்காதபடி மெமரியைப் பூட்டியிருப்பவர் மட்டும் அதைக் கூப்பிடலாம். மற்றவர் கூப்பிட்டால் ஷமீமாவிடமிருந்து போன் வரும். ‘டேட்டா’ என்று பெயர் வைப்பவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். “அவங்க எல்லாம் புள்ளைக்குப் ‘புள்ள’ன்னே பேர் வெக்கறவங்க.” உலகத்திலேயே பெயர் வைக்கத் தெரிந்தவர்கள் பிளம்பர்கள்தான் என்பது அவருடைய உறுதியான கட்சி. ஆண் மரை, பெண் மரை என்று சொன்னால் எது எதற்குள் போகும் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லையாம். உபைத் பாய் இதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு ஆணிகளைத் தராசில் போடுவார்.

தன் பெயரிலும் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. எழுதிய ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் என். ஷமீமா என்றுதான் போடுவார். வெளிநாட்டிலிருந்து ஒருவர் ‘டியர் என்’ என்று மெயில் எழுதியபோது இவர் அனுப்பிய பதிலை நானே படித்தேன். “என் என்பது என் அத்தா நிஜாமுதீன். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஷமீமா என்று எழுதினால் நான் பதில் எழுதுவேன்.” மரக்காணத்தில் பிறந்து, திண்டிவனத்தில் படித்து, சென்னையில் சில வருஷம் வேலை பார்த்து, கல்யாணத்துக்குப் பிறகு கூனிமேட்டில் பெயின்ட் டப்பாவுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, கடல் கடந்தும் தன் பெயரைத் திருத்தி அனுப்புகிற பெண் எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கம் இல்லை.

இப்படிப்பட்டவருக்குப் போன பங்குனியில் ஒரு பெயரே குழி வெட்டியது.

மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் அர்ச்சுனன், உபைத் பாயிடம் ஒரு மோட்டார் பெட்டி வாங்கி மாட்டியிருந்தார். வாய்க்காலிலிருந்து உப்புத் தண்ணீரை ஏற்றித் தேக்கி வைக்கிற பெரிய பாத்திக்கு அந்த மோட்டார். அதை அடுத்த பாத்திகளில் உப்பு விளைந்து, மறுநாள் வாருவதற்குத் தயாராக வெள்ளை வெளேரென்று கிடந்தது. அர்ச்சுனன் கீழ்புத்துப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், பந்தியில் உட்கார்ந்தபடியே போனில் மோட்டாரைப் போட்டார். பக்கத்து இலைக்காரரிடம் பெருமையாகக் காட்டவும் செய்தார். தண்ணீர் ஏறியது. மிதவை செய்தி சொன்னது. பெட்டி கேட்கவில்லை. உறைந்துபோய்க் கிடந்தது. பெரிய பாத்தி வழிந்து, வரப்பு உடைந்து, விளைந்த உப்பு முழுக்கத் தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்துபோனது.

“உப்பைத் தின்னவன் தண்ணி குடிப்பான்னு சொல்லுவாங்க. எனக்குத் தண்ணி வந்து உப்பைத் தின்னுடுச்சு பாய்” என்று சொல்லி, கழற்றிய பெட்டியை அர்ச்சுனன் கடை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றார் ஷமீமா.

காரணம் கண்டுபிடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. அவர் எழுதியதில் ‘காலி’ என்று ஒரு பெயர் இருந்தது. மெமரி காலியா என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆம், இல்லை என்று பதில் வரும். அந்தப் பெயரை வைத்தபோது ஷமீமாவின் மனதில் இருந்தது பஸ். பஸ் காலி என்றால் யாரும் உட்காரவில்லை, எல்லா இடமும் இருக்கிறது. கூட வேலை செய்யும் ஐயப்பன் அதைப் படித்தபோது அவர் மனதில் வந்தது குடம். குடம் காலி என்றால் எடுக்க ஒன்றும் இல்லை. ‘காலியாக இருந்தால் பழைய செய்திகளைத் தூக்கிப் போட்டு இடம் பண்ணு, காலியாக இல்லையென்றால் ஒரு துண்டை வாங்கிக்கொள்’ என்று ஐயப்பன் எழுதிவைத்தார்.

துண்டுகள் கையிருப்பில் இருந்த நாள்களில் எல்லாம் ஒழுங்காகவே ஓடியது. அன்றைக்கு மோட்டார் ஓட ஆரம்பித்த பிறகு உப்பளத்தில் சிக்னல் போய்விட்டது. அனுப்ப முடியாத செய்திகளைப் பெட்டி சேர்த்து வைத்துக்கொண்டே போய், கடைசித் துண்டும் தீர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மிதவையின் செய்தி வந்தது. ‘காலியா?’ என்று ஐயப்பனின் பகுதி கேட்டது. எல்லா இடத்திலும் ஆள் உட்கார்ந்திருக்கிறது என்ற பொருளில் ‘இல்லை’ என்றது ஷமீமாவின் பகுதி. குடம் காலி இல்லையாம், தண்ணீர் இருக்கிறதாம் என்று எடுத்துக்கொண்டு ஐயப்பனின் பகுதி கை நீட்டியது. கையில் ஒன்றும் வரவில்லை. பெட்டி அப்படியே நின்றுவிட்டது.

இரண்டு பேரும் நல்ல தமிழ்தான் பேசினார்கள். இரண்டு பேரும் சரிதான். உப்புதான் போய்விட்டது.

தேவா போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். “அக்கா, கோச்சுக்காதீங்க. தமிழ் வெச்சு விளையாடினது போதும். எல்லாப் பேரையும் இங்கிலீஷ்ல மாத்திடுங்க. உலகம் பூரா அப்படித்தானே வெச்சிருக்காங்க.”

“பேர்ல தப்பு இருக்குது. ஒத்துக்கறேன். வெச்சது நான்தான். மொழியில தப்பு இல்ல.”

“மீட்டிங்ல பேசிக்கலாம்க்கா” என்று வைத்துவிட்டார்.

அன்று ஷமீமா யாரிடமும் கேள்வி கேட்கவில்லை. நான் போய் வேண்டுமென்றே ஒரு வாஷருக்கு நாலு விதமாகப் பெயர் சொல்லிக் கேட்டேன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு அது தாங்கவில்லை. அந்தப் பெயர்கள் அவருக்கு வெறும் பெயர்கள் இல்லை. நம் ஊர்ப் பேச்சு ஒரு யந்திரத்துக்குள் போய் வேலை செய்கிறது என்று அத்தனை வருஷம் சொல்லித் திரிந்தவர். ஒரு காலியால் எல்லாம் காலியாகிவிடும் போலிருந்தது.

மறுநாள் அர்ச்சுனன் வீட்டுக்குத் தானே போய் வருத்தம் சொல்லிவிட்டு வருவதென்று கிளம்பினார். காலியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘நிறை’ என்று ஒரு பெயரைப் போட்டால் தீர்ந்தது என்று மனதில் ஒரு திட்டமும் இருந்தது. அர்ச்சுனன் முகம் கொடுத்துப் பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். உள்ளேயிருந்து அவர் மனைவி அம்சவல்லி குரல் கொடுத்தார். “அரிசி நெறைஞ்சு போச்சு. வரும்போது வாங்கியாங்க.”

ஷமீமா போன காரியத்தை மறந்துவிட்டார். “அக்கா, நெறைஞ்சு போச்சுன்னா எதுக்கு வாங்கணும்?”

“ஏம்மா, வூட்ல அரிசி இல்லைன்னு வாயால சொல்லலாமா? லச்சுமி போயிட மாட்டா?”

“எங்க வூட்லயும்தான்க்கா. அரிசி பரக்கத்தா இருக்குதும்போம், அடிப்பானையைத் தட்டிக்கிட்டே.” இரண்டு பெண்களும் சிரித்தார்கள். ‘நிறை’ அந்த அடுப்படியிலேயே செத்துப்போனது. நிறைந்தது என்றால் இருக்கிறது, நிறைந்தது என்றால் தீர்ந்தது. காலிக்கு அண்ணன் அது.

மரக்காணத்தில் திரும்ப பஸ் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருந்தாராம். அடுத்த நிறுத்தத்தில் எக்கியார்குப்பத்துச் சகாயமேரி மீன் கூடையைத் தூக்கிப் படியில் வைத்துவிட்டு, உள்ளே தலையை நீட்டிக் கண்டக்டரிடம் கேட்டார்.

“எடம் இருக்கா?”

“இருக்குது, ஏறு.”

அவ்வளவுதான். சகாயமேரி ஏறினார், குந்தினார். கேட்டவருக்கும் சந்தேகம் இல்லை, சொன்னவருக்கும் சந்தேகம் இல்லை. கூனிமேட்டில் இறங்க மறந்து கீழ்புத்துப்பட்டு வரை போய், அங்கிருந்து திரும்பி வந்த ஷமீமாவின் முகத்தை நான் கடை வாசலில் பார்த்தேன். “வாங்கறவன் வாயில இருந்து வரணும் பேரு!” என்று எனக்கும் சாலைக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே உள்ளே போனார். “மெமரி எப்படி இருக்குதுன்னு நான் எதுக்குச் சொல்லணும்? வந்தவனுக்கு எடம் இருக்கா, இல்லியா? அதுக்கு மேல அவனுக்கு இன்னாத்துக்கு?”

மீட்டிங்கில் நடந்ததை எனக்குச் சொன்னவர் ஐயப்பன். ஷமீமா எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னாராம். “மெமரி எம்ப்டின்னு நான் சொல்றேன். எடம் இருக்குதுன்னு நெனைக்கறவங்க கையைத் தூக்குங்க.” பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னார். அறையில் பாதிக் கைகள் மேலே, பாதிக் கைகள் கீழே. தேவாவின் கை பாதி ஏறி அங்கேயே நின்றிருந்தது.

“பஸ்ஸும் குடமும் இங்கிலீஷ்லயும் இருக்குது தேவா. இப்ப கேளுங்க. எடம் இருக்கா?”

யாரும் கையைத் தூக்கவில்லை, சிரித்துவிட்டார்கள். தேவாவும் சிரித்தார். ஆனாலும் அவர் கம்பெனி நடத்துகிறவர். நிபந்தனை போட்டார். கெட்ட அதே இடத்தில், அர்ச்சுனனின் உப்பளத்தில், மெமரி சுத்தமாகத் தீர்ந்த நிலையில் பெட்டி மோட்டாரை நிறுத்திக் காட்ட வேண்டும். நிறுத்தினால் தமிழ்ப் பெயர்கள் இருக்கும். தவறினால் வாங்கு, திருப்பு, பிடி, விடு எல்லாம் ஒரே நாளில் இங்கிலீஷ்.

அர்ச்சுனனைச் சம்மதிக்க வைத்தது அம்சவல்லி. “அந்தப் பொண்ணு தானா வந்து நின்னுச்சு இல்ல? ஒரு தரம் பாரேன்” என்று சொன்னாராம்.

போன செவ்வாய்க்கிழமை காலை நானும் போயிருந்தேன். வெயில் உப்பில் பட்டுக் கண் கூசியது. உபைத் பாய் பெட்டியை மாட்டி ஒயரை முறுக்கினார். அர்ச்சுனன் மோட்டார் கொட்டகை வாசலில் ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்து, கையைச் சுவிட்சின் மேல் வைத்துக்கொண்டார்.

“ஒரு தரம் நம்பிட்டு பந்தியில குந்தினேன். இன்னைக்கி நான் எங்கயும் போவல” என்றார்.

“போவாதீங்கண்ணே. கையையும் எடுக்காதீங்க” என்றார் ஷமீமா.

பெட்டியின் ஆன்டெனாவைத் தன் கையாலேயே திருகிக் கழற்றினார். இனிப் பெட்டியால் எந்தச் செய்தியையும் அனுப்ப முடியாது. சேர்த்து வைக்கத்தான் முடியும். மோட்டாரைப் போட்டார்கள். தண்ணீர் பாய்ந்தது. ஷமீமா பெட்டியோடு ஒயரில் இணைத்த லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு துண்டுகள் ஒவ்வொன்றாகத் தீர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் துண்டும் போனது. “இப்ப சுத்தமா ஒண்ணும் இல்ல” என்றார் மெதுவாக.

தண்ணீர் வரப்பின் பாதியைத் தாண்டியது. மிதவை அசைந்தது. ஏறியது. நிமிர்ந்தது.

மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

அர்ச்சுனனின் விரல்கள் சுவிட்சில் இறுகின. ஷமீமா ஒரு கையை மட்டும் அர்ச்சுனன் பக்கமாகத் தூக்கினார், பொறுங்கள் என்பதுபோல. உள்ளே ‘இடம் இருக்கா’ என்று ஒன்று கேட்டிருக்க வேண்டும். இல்லை என்று பதில் வந்திருக்க வேண்டும். பழைய செய்தி ஒன்றைத் தூக்கிப் போட்டு, அந்த இடத்தில் மிதவையின் செய்தியை உட்கார வைத்திருக்க வேண்டும்.

டக்.

மோட்டார் இழுத்து ஒரு மூச்சு விட்டு நின்றது. வரப்புக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் தளும்பிக்கொண்டு நின்றது. அர்ச்சுனன் கையை இன்னும் சுவிட்சிலேயே வைத்திருந்தார். தண்ணீரையே பார்த்தார். அப்புறம் கையை எடுத்து, லுங்கியில் ஒரு தரம் துடைத்துக்கொண்டு, எழுந்து உப்பு வாருகிறவர்கள் பக்கம் நடந்தார். அந்தப் பக்கம் போனவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஷமீமாவின் போன் அடித்தது. தேவா.

“அக்கா, இன்னா ஆச்சு? நின்னுச்சா? அக்கா? லைன்ல இருக்கீங்களா?”

ஷமீமா லேப்டாப்பை மடியிலிருந்து இறக்கி வைத்தார். முக்காட்டைச் சரி செய்துகொண்டு எழுந்தார். போனைக் காதிலிருந்து எடுத்து, கையை நன்றாக நீட்டி, சத்தம் ஓய்ந்து நின்றுபோன மோட்டாரின் பக்கத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.